என்விடிஏவோடு ஆடியோ எடிட்டிங்: புதிதாகத் தொடங்குபவர் எந்த மென்பொருளை எடுப்பது?

"சிறந்த ஆடியோ எடிட்டிங் மென்பொருள்" என்று தேடினால் வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை பார்வையுள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. அலைவடிவம் எத்தனை வண்ணத்தில் தெரிகிறது, மௌஸால் இழுத்து வெட்டுவது எவ்வளவு சுலபம் என்றுதான் அவை மதிப்பெண் போடும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பி வேலை செய்பவருக்கு அந்த மதிப்பெண்ணால் ஒரு பயனும் இல்லை. பல மென்பொருள்களில் பொத்தான், ஸ்லைடர், மெனு எல்லாமே நிரலாளர் தாமாக வரைந்த படங்கள். அவற்றின் பெயரும் நிலையும் விண்டோஸுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. அதனால் என்விடிஏ, ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் ஜன்னலின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அமைதியாகிவிடும். விலை எத்தனை லட்சமாக இருந்தாலும் அப்படிப்பட்ட மென்பொருள் உங்களுக்கு வெறும் பூட்டிய கதவு.

அதனால் எதையும் வாங்கும் முன், ஏன், பழகத் தொடங்கும் முன்பே, மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். ஆடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கீயைத் தட்டி "வெட்டு இங்கே தொடங்குகிறது", இன்னொன்றைத் தட்டி "இங்கே முடிகிறது" என்று குறிக்க முடிகிறதா? குறித்த பகுதியை நீக்கினால் எப்படிக் கேட்கும் என்பதை நீக்காமலே கேட்டுப் பார்க்க முடிகிறதா? கர்சர் எத்தனையாவது நொடியில் நிற்கிறது என்று ஸ்கிரீன் ரீடர் சொல்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மற்றதை எல்லாம் பழகிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கே இல்லை என்றால் அந்த மென்பொருளை மூடிவிடலாம், மேலே சோதிக்க வேண்டியதில்லை.

விண்டோஸில் முதன்முதலாகத் தொடங்குபவருக்கு என் பதில் ஆடாசிட்டி. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருக்கிறது, இலவசம், மேலே சொன்ன மூன்றுக்கும் ஆம். பல டிராக்குகளை, அதாவது தனித்தனி ஒலி வரிசைகளை, அடுக்கி வேலை செய்யும் கட்டம் வந்ததும் ரீப்பர் என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். மாறும் முன் ஆடாசிட்டியில் நன்றாகக் கை பழகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் பழகப்போனால் இரண்டின் கீகளும் குழம்பிப்போகும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது, காரணம் பின்னால்.

நிறுவும்போது

ஆடாசிட்டியை அதன் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவுகளில் அதே பெயரில் விளம்பர இணைப்புகள் முன்னால் வந்து நிற்கும். ஸ்கிரீன் ரீடரில் முதல் இணைப்பைத் தட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதில் சிக்குவார்கள். தளத்தில் மியூஸ் ஹப் என்ற தனி நிரலோடு சேர்ந்த இறக்கமும் இருக்கும். அது உங்களுக்குத் தேவையில்லை. மியூஸ் ஹப் சேராத 64 பிட் நிறுவியை எடுங்கள்.

இடைமுக மொழியைப் பற்றி ஒரு சொல். என்விடிஏவைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலும் தமிழ் படிக்கும். ஆனால் ஆடாசிட்டியை ஆங்கிலத்திலேயே விடுங்கள். உதவிக் குறிப்புகள், மற்றவர்கள் சொல்லும் வழிமுறைகள், மெனுவில் எழுத்தைத் தட்டித் தாவுவது எல்லாமே ஆங்கிலப் பெயர்களை வைத்துத்தான் நடக்கின்றன. மொழியை மாற்றினால் யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாது. எடிட்டிங் செய்யும்போது எந்தக் குரல் இனிமை என்று பார்க்காதீர்கள், எது வேகமாகப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். கீ தட்டியதும் அரை நொடி தாமதித்துப் பேசும் குரல், ஆடியோவின் முக்கியமான இடத்தில்தான் வந்து விழும். ஈஸ்பீக் கொஞ்சம் உலோகத்தனமாக இருந்தாலும் இந்த வேலைக்கு அதுதான் சரி.

முதல் முறை திறந்ததும் கன்ட்ரோல் + பி தட்டினால் விருப்பத்தேர்வுகள் வரும். இரண்டை மட்டும் இப்போது மாற்றினால் போதும். கீபோர்டு பகுதியில் இயல்பாக இருக்கும் கீத்தொகுப்பை விட்டு முழுத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் பயனருக்கு மிகவும் தேவையான சில கீகள் வேலை செய்யாது. அடுத்து இன்டர்ஃபேஸ் பகுதியில், நீண்ட வேலை முடிந்ததும் பீப் ஒலி எழுப்பும் பெட்டியில் டிக் போடுங்கள். ஒரு மணி நேரக் கோப்புக்கு எஃபெக்ட் போட்டுவிட்டு, முடிந்ததா இல்லையா என்று டேப் கீயைத் தட்டித் தட்டிப் பார்க்கும் வேலை மிச்சமாகும். பிறகு வியூ மெனுவில் எக்ஸ்ட்ரா மெனுஸ் என்பதை இயக்குங்கள். பார்வையுள்ளவர்கள் மௌஸால் செய்யும் பல வேலைகள் அந்த மெனுவில் கட்டளைகளாகக் கிடைக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் கீயையும் என்விடிஏ படிக்கும்.

மைக்கும் ஹெட்போனும்

யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று போதும். ப்ளூடூத் ஹெட்செட் வேண்டவே வேண்டாம். அதன் மைக்கை இயக்கியதும் இணைப்பு தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும். ஒலித்தரம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, பதிவு பழைய டிரங்க்கால் மாதிரி கேட்கும். கேட்பதிலும் தாமதம் இருக்கும். நீங்கள் கீ தட்டும் இடமும் காதில் விழும் இடமும் பொருந்தாது, வெட்டு ஒவ்வொன்றும் தள்ளிப்போகும். ஆடாசிட்டியைத் திறந்த பிறகு ஹெட்செட்டைச் செருகினால் அது பட்டியலில் வராது. டிரான்ஸ்போர்ட் மெனுவில் ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்பதைக் கொடுங்கள், அல்லது மூடித் திறங்கள். பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுக்க ஷிப்ட் + ஐ, கேட்கும் கருவிக்கு ஷிப்ட் + ஓ, மோனோவா ஸ்டீரியோவா என்பதற்கு ஷிப்ட் + என். ஒரே குரல் என்றால் மோனோ. ஸ்டீரியோவில் பதிந்தால் கோப்பு இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

பதிவில் என்விடிஏ குரல் சேர்ந்துவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் புகார். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஸ்பீக்கரில் பேசும் குரலை மைக் பிடிப்பது. ஹெட்போன் போட்டால் தீர்ந்தது. இரண்டாவது, பதிவுக் கருவியாக ஸ்டீரியோ மிக்ஸ் மாதிரி ஒன்று தேர்வாகியிருப்பது. அது கணினியில் ஒலிக்கும் எல்லாவற்றையும் அப்படியே பதியும்; ஹெட்போன் போட்டாலும் போகாது. ஷிப்ட் + ஐ தட்டி மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இதற்கும் மேல் நிம்மதி வேண்டுமானால் பதிவுக்கு முன் என்விடிஏ கீ + எஸ் தட்டிப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கீ பேச்சு முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும். "ஆஃப்" என்று கேட்கும்வரை தட்டுங்கள். பதிவு முடிந்ததும் பேச்சு திரும்பும்வரை மறுபடி தட்டுங்கள்.

எடிட் செய்யும்போது ஆடியோவின் சத்தம் தானாகக் குறைந்து குறைந்து ஏறினால் அது கோப்பின் கோளாறு இல்லை. என்விடிஏ பேசும்போது மற்ற ஒலிகளை அடக்கும் வசதி இயங்குகிறது. என்விடிஏ கீ + ஷிப்ட் + டி தட்டி அதை அணையுங்கள். இதைத் தெரியாமல், பதிவில் சத்தம் ஏறி இறங்குகிறது என்று, சத்தத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எஃபெக்டைப் போட்டு நல்ல பதிவைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

மீட்டரைப் பார்க்காமல் அளவு பார்ப்பது

பதிவின் சத்தம் சரியா என்று பார்வையுள்ளவர் பச்சை, சிவப்புப் பட்டையைப் பார்த்து முடிவு செய்வார். அதற்கு ஈடான வழி ஆடாசிட்டியிலேயே ஒளிந்திருக்கிறது. 20 நொடி பேசிப் பதியுங்கள்; உங்கள் உரையில் வரக்கூடிய மிக உரத்த இடத்தையும் அதில் பேசிவிடுங்கள். கன்ட்ரோல் + ஏ தட்டி முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை திறங்கள். முதல் பெட்டியில் ஓர் எண் இருக்கும். உச்ச ஒலி 0 டெசிபலைத் தொட இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்பதே அந்த எண். 8 என்று படித்தால் உங்கள் உச்சம் மைனஸ் 8. அது 6க்கும் 12க்கும் இடையில் இருந்தால் நல்லது. 0 என்றால் ஒலி உச்சியில் முட்டி நசுங்கியிருக்கிறது. விண்டோஸ் ஒலி அமைப்பில் மைக் அளவைக் குறைத்து மறுபடி பதியுங்கள். நசுங்கிய ஒலியைப் பின்னால் எந்த எஃபெக்டாலும் முழுதாக மீட்க முடியாது. 20, 25 என்று வந்தால் சத்தம் போதவில்லை. பின்னால் ஏற்றும்போது மின்விசிறி இரைச்சலும் கூடவே ஏறும். எண்ணைப் படித்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வாருங்கள், ஓகே கொடுக்க வேண்டாம்.

நீளமான பதிவில் எந்த இடத்தில் நசுங்கியது என்று தெரிய வேண்டுமானால் அனலைஸ் மெனுவில் ஃபைண்ட் கிளிப்பிங் கொடுங்கள். அந்தந்த இடத்தில் லேபிள், அதாவது ஓர் அடையாளக் குறிப்பு, போட்டு வைக்கும். ஆல்ட் + வலது அம்பு தட்டி ஒவ்வொன்றாகப் போய்க் கேட்கலாம்.

காதால் வெட்டுவது

ஆர் தட்டினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் தட்டினால் நிற்கும். நிறுத்திய பிறகு மறுபடி ஆர் தட்டினால் அதே டிராக்கின் முடிவிலிருந்து பதிவு தொடரும். ஷிப்ட் + ஆர் புதிய டிராக்கைத் திறக்கும், பழையதும் கூடவே ஒலிக்கும். "பேசும்போது என் பழைய குரலும் கேட்கிறது" என்பவர்கள் தவறி ஷிப்டையும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள்.

இனி வெட்டு. ஸ்பேஸ் தட்டிக் கேளுங்கள். தவறு வந்ததும் எக்ஸ் தட்டுங்கள், ஸ்பேஸ் தட்டாதீர்கள். ஸ்பேஸ் நிறுத்தினால் கர்சர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். எக்ஸ் நிறுத்தினால் நின்ற இடத்திலேயே கர்சர் நிற்கும். புதியவர்களில் பாதிப்பேர் ஆடாசிட்டியைக் கைவிடுவது இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான். பிறகு கமா கீயைத் தட்டினால் ஒரு நொடி பின்னால் போகும், ஃபுல்ஸ்டாப் கீ ஒரு நொடி முன்னால். ஷிப்டோடு தட்டினால் 15 நொடி. தவறுக்கு மூன்று நான்கு நொடி முன்னால் போய் ஸ்பேஸ் தட்டுங்கள். ஓடும்போதே, தவறு தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்புக்குறி, முடியும் இடத்தில் வலது சதுர அடைப்புக்குறி. நிறுத்துங்கள். இப்போது சி தட்டுங்கள். தேர்ந்தெடுத்த பகுதியை விட்டுவிட்டு, அதற்கு முன் 2 நொடியும் பின் 1 நொடியும் ஒட்டி ஒலிக்கும். நீக்கினால் இப்படித்தான் கேட்கும். காதுக்குச் சரி என்றால் டெலீட். கன்ட்ரோல் + இசட் எப்போதும் துணைக்கு இருக்கிறது.

சரியாக இல்லை என்றால் ஓரங்களை நகர்த்த வேண்டும். ஷிப்ட் + வலது அம்பு வலது ஓரத்தை வெளியே தள்ளும், கன்ட்ரோல் + ஷிப்ட் + இடது அம்பு அதே ஓரத்தை உள்ளே இழுக்கும். இடது ஓரத்துக்கு ஷிப்ட் + இடது அம்பு வெளியே, கன்ட்ரோல் + ஷிப்ட் + வலது அம்பு உள்ளே. ஒவ்வோர் ஓரமும் எங்கே விழுந்திருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்க ஷிப்ட் + எஃப்5 முதல் எஃப்8 வரை உள்ள கீகள்: இடது ஓரத்துக்குச் சற்று முன், சற்றுப் பின், வலது ஓரத்துக்குச் சற்று முன், சற்றுப் பின். ஷிப்ட் + எஃப்6 தட்டிக் கேட்கும்போது தவறான சொல்லின் தலைப்பகுதி முழுதாகக் கேட்க வேண்டும். ஷிப்ட் + எஃப்8 தட்டும்போது அடுத்த நல்ல சொல் மூச்சோடு தொடங்க வேண்டும்.

இங்கே யாரும் சொல்லித் தராத ஒன்று. அம்புக்குறி ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரும் என்பது திரையின் ஜூம் அளவைப் பொறுத்தது. திரையையே பார்க்காதவருக்கு ஜூம் எதற்கு என்று தோன்றும். ஆனால் ஆடாசிட்டியில் ஒரு தட்டு என்பது திரையில் ஒரு புள்ளி. கன்ட்ரோல் + 2 தட்டினால் ஜூம் இயல்புக்கு வரும். அப்போது ஒரு தட்டு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நொடி. பேச்சை வெட்ட இது சரியான அளவு. கன்ட்ரோல் + 1 ஒவ்வொரு தடவையும் அதைப் பாதியாக நுணுக்கும், கன்ட்ரோல் + 3 இரட்டிப்பாக்கும். நீளமான கோப்பை முழுதாகத் திரையில் அடைக்கும் கட்டளை எதையாவது கொடுத்துவிட்டால் ஒரு தட்டுக்கே பல நொடி தாவும். "ஷிப்ட் அம்பு தட்டினால் எங்கோ போய்விடுகிறது" என்றால் முதல் மருந்து கன்ட்ரோல் + 2. அதற்கும் அடங்காமல் முழு நொடி முழு நொடியாகத் தாவினால் கர்சரை அப்படி ஒட்டவைக்கும் ஸ்னாப் என்ற வசதி இயங்குகிறது, அதை அணையுங்கள்.

வெட்டிய இடத்தில் "டிக்" என்று ஒரு சொடுக்கு கேட்டால், அலை பாதி உயரத்தில் இருக்கும்போது வெட்டு விழுந்திருக்கிறது. நீக்கும் முன் இசட் தட்டினால் இரண்டு ஓரமும் அலை சுழியைக் கடக்கும் அருகிலுள்ள இடத்துக்கு நகரும்.

மெனுவில் கட்டளைகள் பல கிடைக்கவில்லை என்றால் ஆடியோ பாஸில் (தற்காலிக இடைநிறுத்தத்தில்) நிற்கிறதா என்று பாருங்கள். பாஸ் வேறு, நிறுத்தம் வேறு. ஸ்பேஸ் தட்டி முழுவதும் நிறுத்துங்கள். எந்தக் கீயும் வேலை செய்யாமல், ஸ்பேஸ் தட்டினாலும் ஓடாமல் இருந்தால் பெரும்பாலும் நீங்கள் ஒரு லேபிளுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்; என்டர் தட்டுங்கள். லேபிள் நல்ல வசதி, விட்டுவிட வேண்டாம். முழுப் பதிவையும் ஒருமுறை கேட்டுக்கொண்டே தவறு வந்த இடங்களில் கன்ட்ரோல் + எம் தட்டி, ஒரு சொல் எழுதி, என்டர் கொடுத்துக்கொண்டே போங்கள். பிறகு லேபிள் லேபிளாகத் திரும்பி வந்து வெட்டலாம்.

வாசிப்பவரே எடிட் செய்பவராகவும் இருந்தால், வெட்டும் வேலையில் பாதியைப் பதிவின்போதே முடித்துவிடலாம். நாக்கு இடறியதும் ஸ்பேஸ் தட்டி நிறுத்துங்கள். கே தட்டினால் கர்சர் டிராக்கின் முடிவுக்குப் போகும். கமா தட்டி நான்கைந்து நொடி பின்னால் வந்து, ஓடவிட்டு, நல்ல வாக்கியம் முடிந்து மூச்சு விடும் இடத்தில் எக்ஸ். இப்போது ஷிப்ட் + டி. கர்சருக்கு முந்தைய 5 நொடி காதில் ஒலிக்கும், கர்சர் வந்ததும் பதிவு தானாகத் தொடங்கும். அதற்குப் பின்னால் இருந்த தவறான பகுதி போய்விடும். குரலின் சுருதியும் வேகமும் முந்தைய வாக்கியத்தோடு பொருந்துவது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம். ஒன்றே ஒன்று: கர்சரை நடுவில் வைத்து இதைத் தட்டாதீர்கள், அதற்குப் பின்னுள்ள நல்ல பதிவும் சேர்ந்து போகும்.

எஃபெக்ட்களில் அடக்கம்

மின்விசிறி இரைச்சலைக் குறைக்க, யாரும் பேசாத ஒன்றிரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து, கெட் நாய்ஸ் ப்ரொஃபைல் பொத்தானைத் தட்டுங்கள். பெட்டி தானே மூடிக்கொள்ளும். பிறகு கன்ட்ரோல் + ஏ, மறுபடி அதே எஃபெக்ட், குறைப்பு அளவு 6 முதல் 12 டெசிபல், ஓகே. 12ஐத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் மூன்று நொடி பேசாமல் இருந்துவிட்டுத் தொடங்குங்கள். அடியில் "ஹ்ம்ம்" என்று ஓயாமல் கேட்பது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலாக இருக்கலாம். ஹை-பாஸ் ஃபில்டரில் 80 ஹெர்ட்ஸ் வைத்தால் குரலை அதிகம் தொடாமல் அது ஓரளவு குறையும்.

ட்ரன்கேட் சைலன்ஸ் என்ற எஃபெக்ட் நீண்ட மௌனங்களைத் தானாகச் சுருக்கும். இயல்பாக அதில் மைனஸ் 20 டெசிபல் என்று இருக்கும். அப்படியே விட்டால் தமிழ்ப் பேச்சைக் கடித்துவிடும். "வந்தது", "எனக்கு", "பாட்டு" என்று முடியும் சொற்களில் கடைசி உகரம் குறுகி, மெலிந்து ஒலிக்கும். இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அதுதான். மைனஸ் 20 என்ற வரம்பில் மென்பொருளுக்கு அது மௌனம். வல்லின மெய்க்கு முன் வரும் நொடிப்பொழுது அடைப்பும் மௌனம்தான். வரம்பை மைனஸ் 40க்கு இறக்குங்கள், 1 நொடிக்கு மேற்பட்ட மௌனத்தை மட்டும் 0.6 நொடியாகச் சுருக்கச் சொல்லுங்கள். சன்னமான ஒலியை அடக்கும் நாய்ஸ் கேட் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு பத்தியை மட்டும் செய்து, சொல் முடிவுகளைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

கடைசியாக, மொத்தச் சத்தத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் லௌட்னஸ் நார்மலைசேஷன்: பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) பரவலான அளவு. மோனோ கோப்பானால், மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் பெட்டியை டிக் செய்துவிட்டு அதே எண்ணைக் கொடுங்கள். டிக் எடுத்துவிட்டால் மைனஸ் 19. பாடலுக்கும் பேச்சுக்கும் பல வண்ண எஃபெக்ட்கள் உண்டு. புதியவர் இவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

சேமிப்பது வேறு, ஏற்றுமதி வேறு

கன்ட்ரோல் + எஸ் தட்டினால் கிடைப்பது ஏயூபி3 என்ற திட்டக் கோப்பு. அதை ஆடாசிட்டி மட்டும்தான் திறக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "யாருக்கும் பாடவில்லை" என்று வருந்த வேண்டாம். அனுப்ப வேண்டியதை கன்ட்ரோல் + ஷிப்ட் + இ தட்டி எம்பி3 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அண்மைப் பதிப்புகளில் இரண்டு இடத்திலும், மேகத்திலா (இணையச் சேமிப்பிலா) உங்கள் கணினியிலா என்று ஒரு கேள்வி வரும். கணினி என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி கேட்காதே என்ற பெட்டியில் டிக் போடுங்கள். பேச்சுக்கு மோனோ, 44100 ஹெர்ட்ஸ், 96 கேபிபிஎஸ் தாராளம். ஆடியோ புத்தக விற்பனைத் தளங்களுக்கு வேறு கணக்கு: ஏசிஎக்ஸ் தளம் 192 கேபிபிஎஸ் நிலையான வீதம், உச்சம் மைனஸ் 3 டெசிபலுக்குள், சராசரி அளவு மைனஸ் 23க்கும் 18க்கும் இடையில், அடி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ் என்று கேட்கிறது. போனில் பதிந்த எம்4ஏ கோப்பு விண்டோஸ் ஆடாசிட்டியில் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

ரீப்பருக்கு எப்போது மாறுவது

பேச்சுக்கு அடியில் இசை, நடுவில் பேட்டி, இரண்டு மைக் என்று வந்துவிட்டால் ஆடாசிட்டியில் மூச்சு முட்டும். ரீப்பரில் வெட்டுவது மூலக் கோப்பைத் தொடாது. எப்போது வேண்டுமானாலும் ஓரத்தை இழுத்துப் பழைய ஒலியை மீட்கலாம். தனிநபர்களுக்கும் சிறு வருவாய் உள்ளவர்களுக்கும் விலை 60 டாலர், 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம். ரீப்பர் தனியாக ஸ்கிரீன் ரீடரோடு அவ்வளவாகப் பேசாது. அதைப் பேசவைப்பது ஒசாரா என்ற இலவச இணைப்பு. என்விடிஏவைத் தயாரிக்கும் என்வி ஆக்சஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் டெ உருவாக்கியது அது. நிறுவும்போது கீ அமைப்பை ஒசாராவின் அமைப்பாக மாற்றவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். மறுத்துவிட்டால், மற்றவர்கள் சொல்லித் தரும் கீ எதுவும் உங்களிடம் வேலை செய்யாது. கூடவே எஸ்டபிள்யூஎஸ் என்ற இணைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள், ஒசாரா பயனர்கள் சொல்லும் பல கட்டளைகள் அதிலிருந்து வருபவை.

திறந்ததும் எஃப்12 தட்டுங்கள். இப்போது எந்தக் கீயைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும், செய்யாது. மறுபடி எஃப்12 தட்டினால் இயல்புக்குத் திரும்பும். இந்த ஒரு வசதியை வைத்தே ஒரு மாலையில் கீபோர்டு முழுவதையும் தடவிப் பழகிவிடலாம். கன்ட்ரோல் + டி புதிய டிராக், மேல் கீழ் அம்பு டிராக்குகளுக்கிடையே நகர, எஃப்7 அந்த டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்ய, கன்ட்ரோல் + ஆர் பதிவு. தயார் செய்யாமல் பதிவைத் தட்டினால் நேரம் ஓடும், ஒலி பதியாது. முதல் நாளில் எல்லோரையும் குழப்புவது இதுதான்.

ரீப்பரில் ஒரு துண்டை நீக்கினால் அந்த இடம் வெறும் மௌனமாக நிற்கும்; பின்னால் உள்ளது தானாக முன்னால் வந்து ஒட்டாது. ஒட்ட வேண்டுமானால் ரிப்பிள் எடிட்டிங் இயங்க வேண்டும். அதே ரிப்பிளை இயக்கியபடி மறந்துவிட்டால், பேச்சில் ஓர் இருமலை வெட்டும்போது இசையும் நகர்ந்து மொத்தமும் குலையும். வேலை தொடங்கும் முன் ரிப்பிள் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது கைப்பழக்கமாகட்டும்.

எஃபெக்ட்டுக்கு முதலில் ரீப்பரோடு வரும் ரீஈக்யூ, ரீகாம்ப் போன்றவையே போதும். அவற்றின் அளவுகளை ஒசாரா தன் சொந்தப் பட்டியலில் எண்ணாகப் படிக்கும். வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கும் எஃபெக்ட்களான பிளகின்கள் பளபளவென்று குமிழ்கள் வரைந்தவை. சில ஒசாரா பட்டியலில் நன்றாக வரும், சிலவற்றில் "பாராமீட்டர் 1, பாராமீட்டர் 2" என்று மட்டும் கேட்கும். சோதனைப் பதிப்பு இல்லாத பிளகினுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மற்றவை

கோல்டுவேவ் 1993 முதல் இருக்கிறது, கட்டணம் உண்டு. ஒரே குரல், ஒரே கோப்பு, வெட்டி ஒட்டுவது மட்டும் என்பவர்களுக்கு நல்லது. ஓடும்போதே சதுர அடைப்புக்குறிகளால் ஓரம் குறிப்பது இதிலும் உண்டு. ஆனால் அதே வேலையை ஆடாசிட்டி இலவசமாகச் செய்யும்போது, புதியவருக்கு இதை முதலில் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

டெய்சி முறையில், அதாவது தலைப்பு, பக்கம் வாரியாக நகரக்கூடிய வடிவில், பேசும் புத்தகம் தயாரிப்பவர்கள் டெய்சி கன்சார்ட்டியத்தின் ஓபி என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். பதிவை மௌனம் வரும் இடங்களில் தானாகத் தொடர்களாகப் பிரித்துக்கொள்ளும். தலைப்பு, பக்க எண் எல்லாம் கீபோர்டிலேயே போடலாம். நொடிக்கணக்கைத் தேடாமல் தொடர் தொடராக நகரலாம். பாட்காஸ்டுக்கு அது உதவாது.

மேக்கில் ஆடாசிட்டி அங்குள்ள ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரோடு முழுதாக ஒத்துப்போவதில்லை. லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஓர்காவோடும் நிலைமை திருப்தியில்லை. மேக் பயனர்கள் நேராக ரீப்பரும் ஒசாராவும் என்று தொடங்குங்கள், அல்லது கணினியோடு வரும் கேரேஜ்பேண்டில் கை வையுங்கள். ஐபோன் மட்டுமே இருந்தால் ஃபெரைட், வாய்ஸ்ஓவரை மனத்தில் வைத்துச் செய்த எடிட்டர். ஆண்ட்ராய்டில் லெக்ஸிஸ் ஆடியோ எடிட்டர் அங்குள்ள ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கோடு ஓரளவு கைகொடுக்கும், சின்ன வெட்டுகளுக்குப் போதும். நுணுக்கமான வெட்டுக்குத் தொடுதிரையைவிடக் கீபோர்டே வேகம்.

இனி வரும் பெரிய பதிப்புகளைப் பற்றி. எந்த மென்பொருளும் முகத்தை முழுதாக மாற்றிக்கொண்டு வரும்போது முதலில் உடைவது ஸ்கிரீன் ரீடர் வசதிதான். அதனால் இப்போது நன்றாகப் பேசும் பதிப்பின் நிறுவியை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "புதிய பதிப்பு வந்திருக்கிறது" என்ற பெட்டி வந்ததும் என்டர் தட்டிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மூன்று சோதனைகளையும் வேறொரு கணினியில் செய்து பார்த்துவிட்டு மாறலாம். திட்டக் கோப்புகளைப் புதிய பதிப்பில் திறக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காமல் போகலாம்.